மரிட்சாவின் மூன்றாவது வரி

வேலை தேடுவோர் இணையத்தில் தங்களைப் பற்றி எழுதும் ஆங்கிலக் குறிப்புகளைத் திருத்தித் தருவது, மொழிபெயர்ப்புப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் செய்துவரும் தொழில். எங்கள் துரான் நகரத்து இறால் ஆலைகளிலிருந்தே பாதிப் பேர் வருகிறார்கள். ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் சான்று கேட்பேன். அதனால் சிலர் மறுமுறை வருவதில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தவள் மரிட்சா யாகுவால். நாற்பத்து நான்கு வயது. ஆலையின் சரக்கு வரவுப் பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகள். வெளிநாட்டுத் தர ஆய்வு நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளர் பதவிக்கு வெள்ளிக்கிழமைக்குள் அவள் விண்ணப்பிக்க வேண்டும். அவளுடைய மூன்றாவது வரி இது: ‘கெட்டுத் திரும்பும் இறால் பெட்டிகளைக் குறைக்க என் மேலாளருக்கு உதவினேன்.’

“என்ன உதவி?”

“சும்மா கூடமாட இருந்தேன், தோன்யா.” மூத்த பெண்களை இங்கே மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள்.

“கூடமாட இருந்ததுக்கு யாரும் வேலை குடுக்க மாட்டாங்க. என்ன செஞ்சே, அதச் சொல்லு.”

“லாரிங்க உச்சி வெயில்ல கேட்லயே நிக்கும், ஐஸ் உருகிடும். அரை மணிக்கு ஒருதரம் சூடு பாத்து சுவத்துல எழுதினேன். அப்புறம் எந்தப் பண்ணை லாரி எப்ப வரணும்னு அட்டவணை போட்டு இன்ஜினியர்கிட்ட குடுத்தேன். கையெழுத்துப் போட்டாரு.”

“அப்ப அட்டவணை உன்னோடது.”

“‘நான்’னு போட்டா, ‘மகாராணி வந்துட்டாங்க’ம்பாரு. சிபாரிசுக்கு அவரு பேரத்தான் குடுத்திருக்கேன்.”

அவள் சொன்ன மேலாளர் இன்ஜினியர் பசூர்தோதான். சென்ற மாதம் அவருடைய குறிப்பில், ‘சரக்கு வரவு அட்டவணையை வடிவமைத்தேன்’ என்ற வரியைச் செப்பனிட்டவள் நானே. மேலாளர் என்பதால் அவரிடம் சான்று கேட்கவில்லை. பிழை என்னுடையது. மரிட்சாவிடம் எதுவும் கூறாமல் மறுநாள் வரச் சொல்லிவிட்டு, அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“இன்ஜினியர், உங்க குறிப்புல ஒரு வரிய விசாரிக்காம விட்டுட்டேன். அந்த அட்டவணைக்கு எப்படிக் கணக்கெடுத்தீங்க?”

அவருக்குப் பின்னால் ஐஸ் அரைக்கும் இயந்திரம் இரைந்தது.

“மரிட்சா வந்தாளா?”

“யாரு வந்தாங்கன்னு நான் சொல்றதில்ல. நீங்க வந்ததையும் யார்கிட்டயும் சொல்லல.”

“கோர்ட்டு வக்கீல் மாதிரி குடையறீங்களே!” என்று சிரித்தார். பிறகு குரல் தணிந்தது. “‘அனுமதி அளித்தேன்’னு மாத்திடுங்க. அது நான் செஞ்சதுதான். யாராவது சிபாரிசு கேட்டாலும் உள்ளதத்தான் சொல்லுவேன்.”

அன்றே மாற்றினேன்.

புதன்கிழமை மரிட்சாவின் முன் இரண்டு வரிகளை வைத்தேன். “ஒண்ணு ‘உதவினேன்’, ஒண்ணு ‘வடிவமைத்தேன்’. ரெண்டுலயும் இலக்கணப் பிழை இல்ல. எது உண்மைன்னு நீதான் சொல்லணும்.”

“அவரு பாத்தா?”

“பாக்கட்டும்.”

அவள் இரண்டையும் வாய்விட்டுப் படித்தாள். பிறகு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, இரண்டாவது வரியை ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டிப் பதிவேற்றினாள். உடனே எழுந்து போவாள் என்று நினைத்தேன். போகவில்லை, திரையை உற்றுப் பார்த்தாள்.

“அஞ்சாவது வரியிலயும் ‘புதிதாகச் சேர்ந்த ஒன்பது பெண்களுக்குப் பயிற்சி தர உதவினேன்’னு இருக்கு, தோன்யா. அதையும் எடுத்துருங்க. அந்த ஒன்பது பொண்ணுங்களுக்கு வேலை கத்துக்குடுத்தது நான் ஒருத்திதான்.”