மெம்பர் குழாய்

வட்டாரக் கலைக்களஞ்சியத்தில் யாருக்குத் தனித் தலைப்பு கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று முடிவு செய்யும் பொறுப்பு வேதமணி டீச்சர் தலையில் விழுந்ததும், தூத்துக்குடியில் பாதிப் பேர் அவளுக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள். மீதிப் பேர் இரண்டு தடவை சொன்னார்கள்.

எழுபத்துநான்காம் வருடம் அது. சங்குக் குளிப்பைப் பற்றி எழுத ஆள் அகப்படவில்லை. ஆனால் தங்களைப் பற்றி எழுத நகராட்சி மெம்பர்கள், இருந்தவர், இருப்பவர், இனி இருக்கப்போகிறவர் என்று நாற்பத்தொரு பேர் குறிப்புச் சீட்டு அனுப்பியிருந்தார்கள். அத்தனை பேரும் ஏழைப் பங்காளர்கள். அத்தனையும் அவரவர் கையெழுத்து.

டீச்சர் ஒரு விதி வைத்தாள். பதவிக்காகத் தலைப்பு கிடையாது, அடுத்தவர் வாயில் நிலைத்தவருக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு 'நகராட்சி' என்ற தலைப்பின் அடியில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல். சொந்த அத்தான் தேவதாசனின் சீட்டையே திருப்பி அனுப்பியதில், அந்த வருடம் அக்கா வீட்டிலிருந்து கிறிஸ்துமஸ் பலகாரம் வரவில்லை.

நாற்பத்திரண்டாவது சீட்டோடு ஒரு சனிக்கிழமை தங்கத்தாய் வந்தாள். அவள் புருஷன் செல்வதுரை முன்பு ஒரே ஒரு தடவை மெம்பராக இருந்தவர். இப்போது பக்கவாதத்தில் படுத்த படுக்கை.

"அவுக கேக்கல டீச்சர். நாந்தான் கேக்கேன். ஆவணி தாண்டாதுன்னுட்டாரு டாக்டரு. அதுக்குள்ள அவுக பேர அச்சுல ஒரு தடவ காட்டிரணும்."

"பட்டியல்ல பேரு கண்டிப்பா வரும்மா."

"கும்பலோட கோவிந்தாவா?" என்றாள் தங்கத்தாய். அவள் கண் கலங்கியதைப் பார்த்து டீச்சர் பேச்சை மாற்றி, விசாரித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தாள்.

நகராட்சிக் கூட்டக் குறிப்புகளைப் புரட்டினாள். ஐந்து வருடத்தில் செல்வதுரை ஒரு கூட்டம் தவறவில்லை. ஒரே ஒரு தடவை எழுந்து, உப்பளம் போகிற வழியில் ஒரு குடிநீர்க் குழாய் வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான். டீச்சருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. புகழ்கிறவனால்கூட ஒரு வரி எழுத முடியாதே. தனித் தலைப்பு இல்லை என்பதைக் கடிதத்தில் எழுதாமல் நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று மறுநாள் டவுன் பஸ் ஏறினாள்.

உப்பள ரோடு முக்குக்குத்தான் டிக்கெட் வாங்கினாள். இடம் வந்ததும் கண்டக்டர், "மெம்பர் குழாய் எல்லாம் எறங்கு!" என்று கத்தினார். டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எந்த மெம்பருங்க?"

"அது யாருக்குத் தெரியும்? நான் வேலைக்குச் சேந்ததுலேருந்து அதான் பேரு. எறங்குங்க டீச்சர், நேரமாவுது."

குழாயடியில் நீளமாக வரிசை நின்றது. உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்த பெண்கள், யாரையும் கேட்காமல் நேரே முன்னால் போனார்கள். ஆளுக்கு ஒரு குடம் பிடித்து, உப்புக் காந்திய காலில் ஊற்றிக்கொண்டார்கள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கக்கூட இல்லை. இந்த ஊரில் குழாயடியில் சண்டையில்லாத அதிசயத்தை டீச்சர் இப்போதுதான் பார்க்கிறாள்.

"மொதக் கொடம் அளத்துக்காரிக்குத்தான்," என்றாள் முத்துக்கனி என்ற உப்பளத்துக்காரி. "செல்வதுரை மெம்பரு குழா கொண்டாந்தாவ. ஆனா கொண்டாந்தா போதுமா? ஊர்க்காரவுக எங்கள அண்டவிடல. அவுக வீட்டம்மாதான் தெனமும் மூணு மணிக்கு இங்கன வந்து நின்னு, எங்கள முன்னால விட்டாவ. பதவி போயும் அவுக வாரது நிக்கல. இன்னைக்கும் மொதல்ல வந்தவகள விட்டுட்டு இந்தா இப்பத்தான் போனாவ."

டீச்சர் அங்கேயே நின்று 'மெம்பர் குழாய்' என்று தலைப்பிட்டு ஒரு சீட்டு எழுதிக்கொண்டு, செல்வதுரை வீட்டுக்கு நடந்தாள்.

கட்டிலில் கிடந்த செல்வதுரைக்குக் கேட்கும்படி அவள் சத்தமாகச் சொன்னாள். "உங்களுக்குத் தனித் தலைப்பு இல்ல அண்ணாச்சி. குழாய்க்கு உண்டு. அதுக்குள்ள நீங்க இருக்கீங்க." எழுதி வந்ததை வாசித்தும் காட்டினாள்; அதில் தங்கத்தாய் 'மெம்பர் வீட்டம்மா' என்று மட்டும் இருந்தாள்.

தங்கத்தாயின் முகம் வாடியது. செல்வதுரையோ கேட்டுக்கொண்டே தலையை ஆட்டினார், வேண்டாம் என்பதுபோல. கோணிய வாயால் ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னார்.

"கூட்டத்துல... எந்திச்சுப் பேசச் சொன்னது... அவ. அவ பேர... போடுங்க."

"பேசாம கெடங்க! என்னைய எதுக்கு இழுக்கிய?" என்று அதட்டினாள் தங்கத்தாய். அதட்டலின் பாதியிலேயே அழுதுவிட்டாள்.

டீச்சர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் பெயரையும் சேர்த்து எழுதினாள். பிறகு பையிலிருந்து இரண்டு புதுச் சீட்டு எடுத்தாள். 'செல்வதுரை: காண்க, மெம்பர் குழாய்.' 'தங்கத்தாய்: காண்க, மெம்பர் குழாய்.' இரண்டையும் அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள். தன் பெயரை அவர் பார்த்த மாதிரி தெரியவில்லை. அடுத்த சீட்டிலேயே கண் நின்றது.

தங்கத்தாய் எழுத்துக் கூட்டி வாசித்தாள். "காண்கன்னா என்ன டீச்சர்?"

"உங்களத் தேடுறவங்க, அங்க போய்ப் பாக்கணும்னு அர்த்தம்."

"அதுக்குப் புஸ்தகம் வேறயா?" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள் தங்கத்தாய். "மூணு மணிக்கு வந்தா, நான் அங்கனதான நிப்பேன்."

செல்வதுரை பாதி வாயால் சிரித்தார்.