சுளகில் கவிழ்ந்த போன்கள்

நூர்நிஷாவின் போன் பேருக்குத்தான் அவளுடையது. துபாயிலிருக்கும் கணவர் முகம்மது சலீம் தன் இமெயில் கணக்கைப் போட்டுக் கொடுத்தது. அவள் எதைத் தேடினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். ஒருமுறை நெஞ்செரிச்சலுக்கு மருந்து தேடினாள். சாயந்திரத்துக்குள் நாத்தனார் வரை நலம் விசாரித்துவிட்டார்கள். மனிதர் நல்லவர்தான், வாய்தான் ஓட்டை.

இப்போது மார்பில் ஒரு கட்டி. மகள் முஹ்ஸினாவுக்குச் சம்பந்தம் பேசி முடிகிற நேரம். ‘அந்த வியாதி உள்ள குடும்பம்’ என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், எல்லாம் போச்சு.

வீரகேரளம்புதூரில் அவளோடு ஒரே கூடத்தில் பீடி சுற்றும் பெண்களுக்கெல்லாம் வீட்டில் இதே வேவுதான். வழி கண்டவள் கல்யாணசுந்தரி. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு எல்லாப் போன்களையும் பீடியிலை வைக்கும் முறமான சுளகில் கவிழ்த்துக் கலைப்பார்கள். கைக்கு வந்ததில் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொள்ளலாம். தன் போனே வந்தால் திரும்பப் போட்டுவிட வேண்டும். வீட்டில் கேட்டால், நான் தேடவில்லை, எவள் தேடினாள் என்றும் தெரியாது என்று சத்தியமே பண்ணலாம்.

அன்று நூர்நிஷாவுக்கு வந்தது ஆவுடைத்தாயின் போன். தேடும் இடத்தைத் தொட்டதும், முன்பு யாரோ தேடியது தானாக வந்து நின்றது: ‘மார்பில் கட்டி, வலி இல்லை, பயப்படணுமா.’

அவள் கேட்க வந்த அதே கேள்வி. கேட்டவள் ஆவுடைத்தாய் இல்லை, தன் போனில் யாரும் தேடுவதில்லை. அது மட்டும் நிச்சயம். நிமிர்ந்து பார்த்தாள். எல்லாரும் குனிந்திருந்தார்கள். இத்தனை நாளும் பக்கத்திலேயே ஒருத்தி இதே பயத்தை வைத்துக்கொண்டு சிரித்துப் பேசியிருக்கிறாள்.

பெரும்பாலும் ஒன்றுமிருக்காது, ஆனால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றது பதில். முன்பு கேட்டவள் காட்டினாளா? கேட்கவும் வழியில்லை, ஏற்பாடு அப்படி. நூர்நிஷா போனைச் சுளகில் வைத்தாள்.

“எனக்கு மாருல கட்டி இருக்கு. நாளைக்குத் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போகுதேன். கூட வாரவங்க வரலாம்.”

ஒவ்வொருத்தியும் தன் போனை எடுத்துக்கொண்டு பீடி சுற்றத் திரும்பினாள். மகள் வாழ்க்கையைச் சொந்த வாயாலேயே கெடுத்துக்கொண்டோமோ என்று வீடு வரை மனம் அடித்துக்கொண்டது.

காலையில் பஸ் நிறுத்தத்துக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கூடத்துப் பெண்கள் அத்தனை பேரும் துண்டும் மாற்றுத்துணியுமாக நின்றார்கள்.

“குத்தாலத்துக்குக் குளிக்கப் போகுதோம்னு வீட்டுல சொல்லியாச்சு,” என்றாள் கல்யாணசுந்தரி. “ஆஸ்பத்திரில எல்லாருமே காட்டுவோம். பொறவு யாருக்குக் கட்டின்னு எவ சொல்ல முடியும்?”

இப்படியும் மனுஷிகள் உண்டா என்று நினைத்தபடியே நூர்நிஷா பஸ்ஸில் ஏறினாள். பஸ் கிளம்பியதும் பின் இருக்கையிலிருந்து ஒரு கை வந்து அவள் தோளை இறுகப் பிடித்தது. தென்காசி வரை அது விடவில்லை. நூர்நிஷா தன் கையை அதன்மேல் வைத்துக்கொண்டாள். யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை.