ஆவி பறந்ததா

1

இந்தக் கதை எனக்குப் பாதிதான் கிடைத்தது. விழுப்புரம் ஜங்ஷனில் காந்திமதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய பாசஞ்சர் வந்துவிட்டது. மீதியை நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்து இருபது நாளாகிறது. ஒன்றும் பிடிபடவில்லை.

முதல் தொடக்கம்: '1987இல், திண்டிவனத்தில், ஒரு மூலக்கூறு தன்...' வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

2

காந்திமதி திண்டிவனத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் விரிவுரையாளர். (ஜங்ஷனில் 'அவர்', கதைக்குள் 'அவள்'. மன்னிக்கவும்.)

சில மூலக்கூறுகளுக்கு ஒரு முனையில் நேர்மின், மறுமுனையில் எதிர்மின். அவற்றைத் தண்ணீரின் மேல் மிதக்கவிட்டு, கண்ணாடித் துண்டில் ஒவ்வொரு அடுக்காக ஏற்றலாம். ஆனால் இரண்டாவது அடுக்கு தலைகீழாக ஏறி, முதல் அடுக்கு செய்த வேலையைக் கெடுத்துவிடும். அதனால் இரண்டு வேறு பொருள்களை மாற்றி மாற்றி ஏற்றினாள். முப்பது அடுக்கு, மூன்று வருடம். மின்முனைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றால், சூடான எதைக் கிட்டே கொண்டுபோனாலும் துண்டோடு இணைத்த மீட்டரின் முள் துள்ள வேண்டும்.*

* எனக்கும் பாதிதான் புரிந்தது.

3

மெட்ராஸிலிருந்து நெறியாளர் சீனுவாசன் பார்க்க வந்தார். முள் துள்ளினால் இன்னும் ஒரு வருட நீட்டிப்பு. இல்லையென்றால் ஆராய்ச்சிப் பதிவு ரத்து. பெரியவர் வருகிறாரே என்று காந்திமதி நல்ல நைலக்ஸ் சேலை, அதாவது நைலான் சேலை, கட்டியிருந்தாள்.

உள்ளங்கையைக் கிட்டே கொண்டுபோனாள். முள் துள்ளியது.

"அப்படிப் போடும்மா!" என்ற சீனுவாசன், பேனாவைத் திறந்துகொண்டு நீட்டிப்புப் படிவத்தைப் படிக்கத் தொடங்கினார். அப்போது ஆய்வக உதவியாளர் ராயப்பன் [ஆவி பறக்க — இதை வைக்கலாமா?] டீ கொண்டுவந்து, கிளாஸைக் கண்ணாடித் துண்டின் பக்கத்திலேயே வைத்தார்.

முள் அசையவில்லை.

சீனுவாசன் கவனிக்கவில்லை. காந்திமதி முள்ளைப் பார்த்தாள், பிறகு தன் முந்தானையைப் பார்த்தாள். நைலான் உரசினால் மின்னேறும் என்று வருடாவருடம் வகுப்பில் சீப்பையும் காகிதத் துணுக்கையும் வைத்துக் காட்டுகிறவள் அவள். அப்படியானால் முள்ளைத் துள்ளவைத்தது மூலக்கூறா, சேலையா?

4

முடிவு ஒன்று: அவள் வாயைத் திறக்கவில்லை, கையெழுத்து விழுந்தது. எழுதிப் பார்த்தேன், அவள்மேல் கோபம் வந்தது.

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்தாள். இது பொய். மூன்று வருடத்தைத் தொலைத்துவிட்டு யார் நிமிர்ந்து நடக்கிறார்கள்?

தவிர, இடையில் ராயப்பன் புகுந்துவிட்டார். மூன்று வருடமும் அவளுக்காகக் காய்ச்சி வடித்த வாலைநீர் சுமந்தவர். அவரும் முள்ளைப் பார்த்திருக்கிறார். குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"டீ ஆறிப்போச்சிங்க மேடம். கடையிலேர்ந்து எடுத்துக்கினு வர்றதுக்குள்ள ஆறிடுச்சி. நீங்க பேஜாராவாதீங்க."

நிஜமா, இல்லை அவளுக்காகச் சொன்னதா? எனக்குத் தெரியவில்லை. "நான் அந்த கிளாஸைப் பாத்துக்கினே இருந்தேங்க..." என்று காந்திமதி சொன்னபோதுதான் ரயில் வந்தது.

5

மேலே அடைப்புக்குறிக்குள் 'ஆவி பறக்க' என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. அடித்தால் அவள் தப்பினாள். வைத்தால் எல்லாம் போயிற்று. அடிக்கவும் எனக்குக் கை வரவில்லை, வைக்கவும் மனம் வரவில்லை.

பேனா இன்னும் திறந்தே இருக்கிறது. டீ கிளாஸ் அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான். தொட்டால் தெரிந்துவிடும்.

நீங்களாக இருந்தால் தொடுவீர்களா?