வடை சுடக்கூடாத நாள்

சயந்தினி வீட்டுக்கு வந்த கடிதத்தை மூன்று தரம் படித்தேன். 'குழந்தைக்கு வீட்டு உதவியாளர் தேவையில்லை' என்று மாநில அலுவலகம் அழகாக டைப் அடித்து அனுப்பியிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கடிதத்தை அங்கேயே கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் தப்பு அலுவலகத்தின் மேல் இல்லை. என் எதிரே தலையைக் குனிந்துகொண்டு நின்றாளே, அவள் மேல்.

"ஆபீஸ்லேருந்து அந்தம்மா வீட்டைப் பார்க்க வந்தப்ப என்னதான் பண்ணினே? சொல்லு கண்ணு."

"ஒண்டும் செய்யேல்லை அக்கா. வீட்டைத் துடைச்சு, வடை சுட்டனான். நிருஜனுக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டனான். இவர் அவனை ரெண்டு மணித்தியாலம் காரில வைச்சுச் சுத்தினவர். அவ வரேக்கை பிள்ளை நல்ல நித்திரை."

"அவங்க என்ன கேட்டாங்க?"

"கஷ்டம் ஏதும் இருக்கோ எண்டு கேட்டவ. இவர் 'வீ மேனேஜ்' எண்டு சொன்னவர். நானும் சிரிச்சனான்."

தலையில் அடித்துக்கொண்டேன். பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவது போலப் பிள்ளையைக் காட்டியிருக்கிறார்கள்!

அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். நியூ ஜெர்சியில் ஐசலினைச் சுற்றி எங்கள் ஆறு குடும்பங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குழந்தை, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி உதவி வேண்டும். என் மகள் வெண்பாவுக்குச் சக்கர நாற்காலி. நாகலக்ஷ்மி மகளுக்கு வலிப்பு. சயந்தினியின் நிருஜனுக்கு ஆறு வயது, பேச்சு வராது. கதவு திறந்திருந்தால் ஓடிவிடுவான், கார் வருவதெல்லாம் அவனுக்குத் தெரியாது. யார் பிள்ளையை யார் தெரபிக்குக் கூட்டிப்போவது, எந்தப் படிவத்துக்கு என்றைக்குக் கடைசி நாள், எந்த அம்மா தூங்கி எத்தனை நாளாகிறது, எல்லாம் என் சமையலறைக் காலண்டரில் இருக்கும். யாரும் என்னை நியமிக்கவில்லை. ஆறு பேரில் கத்தத் தெரிந்தவள் நான்தான் என்று வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

இதே கூத்தை நானும் ஆடியவள்தான். வெண்பாவைத் தூக்குவது கஷ்டமா என்று கேட்ட அதிகாரியிடம், "அதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க" என்று பெருமையாகச் சொன்னேன். பிறகு ஒரு வருஷம் தனியாகத் தூக்கித் தூக்கி இடுப்பு போனது. இன்றைக்கும் குனிந்து செருப்பு மாட்ட முடியாது.

மறுபடி வந்து பாருங்கள் என்று அன்றைக்கே மனு எழுதினேன். கையோடு சயந்தினியிடம் ஒரு நோட்டை நீட்டினேன்.

"அவங்க வர்ற வரைக்கும் தினமும் எழுது. அவன் பண்றது, நீ பண்றது, ஒண்ணு விடாம. அழகா எழுத வேண்டாம், நடந்ததை எழுது. அன்னிக்கு மட்டும் நீ வடை சுட்டே, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

அவள் நோட்டைத் தொடவில்லை. "பெத்த பிள்ளையை நானே குறை சொல்லி எழுதிறதோ அக்கா? பாவம் அவன்."

"குறை சொல்ல யாரு சொன்னா? அவனுக்கு என்ன வேணும்னு சொல்லு. நீ வாயை மூடிக்கிட்டு இருந்தா அவனுக்கு யாரு கேப்பா?"

கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து அதே அதிகாரி வந்தார், வயதான அமெரிக்க அம்மாள். நானும் போயிருந்தேன். வீடு போட்டது போட்டபடி இருந்தது. வாசல் கதவில் மூன்று தாழ்ப்பாள். நிருஜன் சோபாவுக்கும் ஜன்னலுக்கும் ஓடிக்கொண்டே இருந்தான். சயந்தினியின் கணவர் ஜனார்த்தனன் ஆபீசிலிருந்து டையோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

எப்படிப் போகிறது என்று அந்த அம்மாள் கேட்டார்.

"வீ..." என்று ஜனார்த்தனன் ஆரம்பித்தார். நான் முறைத்தேன். சயந்தினி நோட்டைப் பிரித்தாள். தமிழில் எழுதியிருந்தாள். ஆங்கிலத்தில் சொல்லலாம் என்று நான் கையை நீட்டினேன்.

"இருங்கோ அக்கா, நான் சொல்லுறன்" என்று ஜனார்த்தனன் வாங்கிக்கொண்டார். அதற்கு முன் அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை என்பது எனக்குத் தெரியாது.

முதல் பக்கத்தைக் கடகடவென்று சொன்னார். திங்கட்கிழமை ஒன்பது தடவை கதவுக்கு ஓடினான். செவ்வாய்க்கிழமை தன் கையைத் தானே கடித்தான். வியாழக்கிழமைக்கு வந்ததும் அவர் குரல் இறங்கியது. 'நான் குளித்து நாலு நாளாகிறது. இன்று முகம் கழுவிய நேரத்தில் பின்கதவால் ஓடிவிட்டான். பெற்றோல் ஸ்டேஷனில் ஒரு லொறிக்காரர் கையைப் பிடித்து வைத்திருந்தார். இவரிடம் சொல்லவில்லை.'

ஜனார்த்தனன் நிமிர்ந்தார். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் சமாளிக்கிறம் எண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறியள்" என்றாள் சயந்தினி. "நான் ஆருக்குச் சொல்ல?"

அவர் மறுபடி நோட்டுக்குத் திரும்பினார். அடுத்த வரியை வாய்க்குள் படித்தார். 'வெள்ளி. சேலைத் துண்டால் அவன் இடுப்பையும் என் இடுப்பையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு சமைத்தேன்.' அதை ஆங்கிலத்தில் சொல்லப் போனவர் பாதியில் நின்றார். டையைத் தளர்த்திக்கொண்டார். மறுபடி ஆரம்பித்து முழுதும் சொல்லி முடித்தார். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, அவர் துடைக்கவில்லை.

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உங்களால் முடிகிறதா என்று மெதுவாகக் கேட்டார்.

"நோ" என்றார் ஜனார்த்தனன். "வீ கான்ட் மேனேஜ்."

அந்த மனிதர் மேல் எனக்கு முதல் தடவையாக மரியாதை வந்தது.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. வாரத்துக்கு இருபது மணி நேரம் உதவியாளர். அந்தப் பெண் வேலைக்கு வந்த முதல் நாள் மத்தியானம் சயந்தினி போன் பண்ணினாள்.

"அக்கா, இண்டைக்கு ஆறுதலாக் குளிச்சனான். தலையும் முழுகினனான்."

"சரி, தலையைத் துவட்டு, சளி பிடிக்கப் போகுது" என்று அதட்டிவிட்டுப் போனை வைத்தேன். காலண்டரைப் பார்த்தால் அடுத்த வியாழக்கிழமை நாகலக்ஷ்மி வீட்டுக்கு அதிகாரி வருகிறார். உடனே அவளைக் கூப்பிட்டேன்.

"வடை கிடை சுட்டு வச்சே, கொன்னு போடுவேன்" என்றேன்.