மூன்று அதிர்வுக்குப் பிறகு

என் மாமியாருக்குத் திசை தெரியாது. லிஃப்டிலிருந்து இறங்கினால் இடது பக்கம் எங்கள் வீடு. அத்தை வலது பக்கம் திரும்பி எதிர் வீட்டுப் பூட்டில் சாவியை நுழைப்பார். ஆரம்பத்தில் அந்த வீட்டுக்காரர் கோபப்பட்டார். இப்போதெல்லாம் உள்ளே உட்கார்ந்தபடியே "எதிர்க் கதவும்மா" என்று குரல் கொடுக்கிறார்.

நான் வழி காட்டுவதையே பிழைப்பாக வைத்திருப்பவன். கைக்கடிகாரத்தில் ஓடும் உடற்பயிற்சி செயலி ஒன்றில், பாதை காட்டும் பகுதியை எழுதுகிறேன். போனில் ஒரு பாதையை வரைந்து வாட்சுக்கு அனுப்பினால் போதும். திருப்பம் வந்தால் மணிக்கட்டில் ஒரு சின்ன அதிர்வு. பாதையை விட்டு விலகினால் ஒரு பெரிய அதிர்வு. திரை ஒரு பிஸ்கட் அளவு. அதற்குள் ஊரையே அடக்க வேண்டும்.

என் மனைவி இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போனாள். ஆறாம் நாள் முடிந்துவிட்டது. அந்த வாரம் வந்த அத்தை பிறகு போகவில்லை. போங்கள் என்று நான் சொல்லவில்லை. இருங்கள் என்றும் சொல்லவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

போன மாதம் அத்தை இரண்டு தடவை தொலைந்துபோனார். முதல் தடவை மருந்துக் கடைக்குப் போன வழியில். இரண்டாம் தடவை அதே மருந்துக் கடையிலிருந்து வந்த வழியில், ஒரு பேருந்துப் பணிமனைக்குள். நடத்துனர் ஒருவர் கொண்டுவந்து விட்டார். விஷயம் மச்சான் காதுக்குப் போனது. மச்சான் என்றால் அத்தையின் மகன், என் மனைவியின் அண்ணன். மூன்று மணி நேரப் பயண தூரத்தில் இருக்கிறார்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன். அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடறேன். ரூம் ரெடி பண்ணிட்டேன்" என்றார் போனில்.

அத்தை போனைப் பிடுங்கிக்கொண்டார். "நான் என்ன பார்சலா, வந்து எடுத்துட்டுப் போக?"

"நீ வெளிய போனா திரும்பி வர மாட்டேங்கிறியேம்மா."

"வருவேன்."

"நடத்துனரோட வருவே."

"தனியா வருவேன். நாலு கிலோமீட்டர் போயிட்டு வந்து காட்டறேன். வந்துட்டா நான் இங்கதான். பேச்சு மாறக்கூடாது."

மச்சானுக்குப் பந்தயம் என்றால் இளிப்பு வந்துவிடும். ஒத்துக்கொண்டார். இரண்டே நிபந்தனை: கையில் போன் இருக்கக் கூடாது, பின்னால் ஆள் வரக் கூடாது. "போன் இருந்தா தொலைஞ்ச இடத்துல இருந்து மாப்பிள்ளையைக் கூப்பிடுவே. அது செல்லாது."

போனை வைத்துவிட்டு அத்தை என்னைப் பார்த்தார். "அங்க போனா குப்பை கொட்டக்கூடக் கீழ செக்யூரிட்டி நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போகணும், மாப்பிள்ளை. உங்க வாட்ச் ஒண்ணு குடுங்க. அது போதும் எனக்கு."

"ம்" என்றேன்.

புதன்கிழமை மாலை முதல் ஒத்திகை. வீட்டிலிருந்து கிளம்பி, பூங்கா, பள்ளிக்கூடம், நூலகம் வழியாகச் சுற்றி வீட்டுக்கே வரும் நாலு கிலோமீட்டர் பாதையை வரைந்து ஏற்றினேன். வாசலில் நின்று அத்தை பொத்தானை அழுத்தினார். வாட்ச் உடனே அதிர்ந்தது. திரையில் பலூன்கள் பறந்தன. 'வாழ்த்துகள்! இலக்கை அடைந்துவிட்டீர்கள்!'

"பரவாயில்லையே மாப்பிள்ளை" என்றார் அத்தை. "நாலு கிலோமீட்டர் போனதே தெரியலை."

புறப்படும் இடமும் சேரும் இடமும் ஒன்றாக இருந்தால் இப்படித்தான் ஆகும். மறுநாள் அலுவலகத்தில் அதைச் சரிசெய்தேன். பாதையில் பெரும்பகுதி நடந்து முடியும்வரை முடிவிடத்தைத் தேடாதே என்று ஒரு வரி. எங்கள் சோதனையாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். எதைக் கொடுத்தாலும் ஓட்டை போட்டுவிடுவாள் என்பதால் அவளுக்குக் கரையான் என்று பெயர். அவளே சூட்டிக்கொண்டது.

"இதை நான் போன மாசமே எழுதிக் குடுத்தேனே. படிச்சியா?"

"படிச்சேன்."

"அப்புறம்?"

"படிச்சேன்."

"உன்கிட்ட பேசறதுக்குச் சுவத்துகிட்ட பேசலாம். சுவராவது எதிரொலிக்கும்."

அன்று மதியம் கூட்டம். வெளியிலிருந்து முப்பது பேர் எங்கள் செயலியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதில் பாதிப் பேருக்கு ஒரே புகார்: பாதையை விட்டு விலகினால் வாட்ச் விடாமல் அதிர்கிறது. ஒரு சைக்கிள்காரர் நண்பரைப் பார்க்கத் திரும்பியிருக்கிறார். அங்கே அரட்டை அடித்த நாற்பது நிமிடமும் கை நடுங்கிக்கொண்டே இருந்ததாம். காபி கொட்டிவிட்டதாம்.

"நச்சரிக்கிற வாட்சை எவன் கட்டுவான்?" என்றார் எங்கள் குழுத் தலைவர். "வீட்டுல ஒரு ஆள் நச்சரிக்கிறது போதாதா?" சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். முகம் வெளிறியது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடினார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்றவர்களுக்குத்தான் அவள் இல்லாதது பெரிய ஊனமாகத் தெரிகிறது.

முடிவு இதுதான்: மூன்று தடவை அதிரும். அதற்கு மேல் பேசாது. ஆள் பாதைக்குத் திரும்பினால் மறுபடி வேலையைத் தொடங்கும்.

"மூணுக்கு அப்புறம் திரையில என்ன வரும்?" என்று கேட்டாள் கரையான்.

"ஒண்ணும் வராது. வரைபடம் இருக்குமே."

"பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"வழி தப்பினவனுக்குத் தெரியாதா, வழி தப்பினது?" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். அது சிரிக்க வேண்டிய இடம் என்று எனக்கும் தெரிந்தது. சிரித்தேன். இருபது நிமிடத்தில் எழுதி முடித்து, அத்தையின் வாட்சிலும் ஏற்றினேன்.

சனிக்கிழமை அத்தையோடு கடைசி ஒத்திகை. பத்தடி பின்னால் நான் நடந்தேன். பூங்காவில் ஒரு தடவை தவறினார். அதிர்ந்தது. திரும்பினார். நூலகத்தில் ஒரு தடவை. அதிர்ந்தது. திரும்பினார். ஒரு மணி பத்து நிமிடத்தில் வீடு வந்து, பலூன்கள் பறந்தன.

"வரைபடமெல்லாம் எனக்குப் புரியாது, மாப்பிள்ளை. சுருக்கமா சொல்லுங்க."

"பெருசா அதிர்ந்தா தப்பு. அதிரலைன்னா சரி."

"இது போதும்."

ஞாயிறு காலை எட்டு மணிக்கு மச்சான் வந்தார். கையில் புத்தம் புதிய பெட்டி, அடியில் நாலு சக்கரம். ஹால் நடுவில் நிறுத்தினார். அதன் விலைச்சீட்டுகூட இன்னும் கிழிக்கப்படவில்லை.

"காலிப் பெட்டியா?" என்றார் அத்தை.

"போகும்போது நிறைஞ்சிருக்கும்."

"பார்க்கலாம்டா."

ஒன்பது மணிக்குக் கிளம்பினார். காலில் மகளின் ஓட்டக் காலணி. ஒரு அளவு பெரியது. முனையில் பஞ்சு வைத்திருந்தார். மச்சான் காலணியைப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டிருந்தது.

பத்து பத்துக்கு நான் ஜன்னலில் நின்றேன். பத்தரைக்கு மச்சானும் வந்து நின்றார்.

"எந்த நாட்டுக்குக் கூட்டிட்டுப் போகுது உன் வாட்ச்?"

"வந்துடுவாங்க."

"எங்க இருக்காங்கன்னு உன் போன்ல தெரியாதா?"

"இந்த மாடல்ல சிம் கிடையாது."

பத்தே முக்காலுக்கு மச்சான் சிரிப்பதை நிறுத்தினார். நான் கீழே போனேன். பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து முட்டி வரை சேற்றோடு ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். என்ன ஆச்சு என்று கேட்டேன். தண்ணீர்க் குழாய்க்காக நேற்று ராத்திரி அந்தத் தெருவை முழுக்கத் தோண்டிவிட்டார்களாம்.

அங்கேயே நின்றேன். தெரு அடைத்திருந்தால் அத்தை அடுத்த தெருவில் நுழைந்திருப்பார். வாட்ச் அதிர்ந்திருக்கும். திரும்ப முடியாது, குழி. இன்னும் கொஞ்சம் போயிருப்பார். அதிர்ந்திருக்கும். மூன்றாவது தடவையும் அதிர்ந்து, அதோடு நின்றிருக்கும். 'சரி, வாட்ச் ஒத்துக்கொண்டது' என்று நிம்மதியாக, கை வீசி, நேராகப் போய்க்கொண்டே இருப்பார். அதிரலைன்னா சரி. சொன்னவன் நான்.

மேலே ஓடி மச்சானிடம் சொன்னேன். காரை எடுத்தார்.

"மூணு தடவை சொல்லிட்டு, எக்கேடும் கெட்டுப் போன்னு விட்டுடுமா? எந்த மடையன் அதை எழுதினான்?"

"நான்தான், மச்சான்."

அடுத்த கியரைப் போட்டார். "நல்லா எழுதியிருக்கே" என்றார்.

அடுத்த தெருவில் போனோம். அது நீண்டு, பெரிய சாலையாகி, தொழிற்கூடங்கள் பக்கம் போனது. இரண்டு பேருந்து நிறுத்தம், ஒரு மருத்துவமனை, ஒரு பெட்ரோல் பங்க் என எல்லா இடத்திலும் இறங்கிக் கேட்டோம். பங்கில் ஒரு பையன், "பெரிய ஷூ போட்ட அம்மாவா? இங்க ரெண்டு சுத்து சுத்தினாங்க. அப்புறம் காணோம்" என்றான். பன்னிரண்டு மணிக்கு, போலீசுக்குக் கொடுக்கப் படம் வேண்டும் என்று வீட்டுக்குத் திரும்பினோம்.

அத்தை படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு காலணியைக் கழற்றி வைத்திருந்தார்.

"ரெண்டு பேரும் எங்கடா போனீங்க? சாவிகூட வெச்சிட்டுப் போகலை."

மச்சான் அவர் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். "எப்படிம்மா வந்தே?"

சாலை ஒரு குடோன் சுவரில் போய் முடிந்திருக்கிறது. அப்போதுதான் அத்தைக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. வாட்சைத் தட்டியிருக்கிறார், திட்டியிருக்கிறார், பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். 'வந்த வழியே திரும்பவா?' என்று கேட்டதாம். ஆமாம் என்றாராம்.

அது அடுத்த வெளியீட்டுக்காக நான் பாதி எழுதி வைத்திருந்த வசதி. இதில் மறைத்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன். பாதி வேலை என்பதால் அதற்குக் குறுக்கு வழி தெரியாது. போன தடம் ஒவ்வொன்றையும் பின்னோக்கி மிதிக்க வைக்கும்.

"ஒரு கடையில குடை பார்க்கலாம்னு ரோட்டைத் தாண்டினேன். திரும்பும்போதும் தாண்டச் சொல்லுது. அந்தப் பங்கை வேற ரெண்டு சுத்து சுத்தியிருந்தேனா, மறுபடியும் ரெண்டு சுத்து! அந்தப் பையன் என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பான்?"

மேலே போனோம். மச்சானுக்கு உயிர் திரும்பியதும் பந்தயமும் திரும்பியது.

"நாலு கிலோமீட்டர்னே. எட்டு ஆயிருக்கு. மூணு மணி நேரம். நீ தோத்துட்டேம்மா."

"வந்துட்டேன்ல? நேரம் பேசலையே."

"வழி தப்பிடுச்சே!"

"தனியா வந்தேன்ல?"

இப்படியே கொஞ்ச நேரம் போனது. திடீரென்று அத்தை நாற்காலியில் சாய்ந்தார். "சரி. விடு. பெட்டியைத் திற."

மச்சானே எதிர்பார்க்கவில்லை. "என்னம்மா?"

"மாப்பிள்ளை சின்ன வயசு. நான் எத்தனை நாளைக்கு இங்க குந்தியிருக்கிறது? பதினாலு மாசத்துல ஒரு தடவை இருங்கன்னு சொன்னதில்லை, அவர்."

"போங்கன்னும் சொல்லலையே" என்றார் மச்சான்.

"அதான். ஒண்ணும் சொல்லலைன்னா சரின்னு நானா எடுத்துக்கிட்டேன். இன்னிக்குக் காலையிலயும் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். போய் முட்டின இடம் குடோன் சுவரு."

கோபமே இல்லாமல் சொன்னார். மச்சான் பெட்டியின் ஜிப்பைப் பிடித்தபடி நின்றார். நான் செருமினேன்.

"இருங்க, அத்தை."

இருவரும் திரும்பினார்கள்.

"என்ன சொன்னீங்க?"

"போக வேணாம். இங்கயே இருங்க. நீங்க போனா..." மிச்சத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "எனக்கு நல்லா இருக்காது."

மச்சான் ஜிப்பை விட்டார். "அடப்பாவி. இதைச் சொல்லப் பதினாலு மாசமா? அம்மா உனக்குப் பாரமா இருக்காங்க, வாய்விட்டுச் சொல்ல முடியாமத் தவிக்கிறேன்னு நெனச்சு, ஒரு ரூமுக்குப் பெயின்ட் அடிச்சு, கட்டில் வாங்கி..."

"என்ன கலருடா பெயின்ட்?" என்றார் அத்தை.

"வெளிர் பச்சை."

"நல்லவேளை, தப்பிச்சேன்."

மச்சான் சோபாவில் விழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பா வேறா என்று தெரியவில்லை. அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளைக்குன்னு சொல்லுங்க. கணக்குத் தெரியாம என்னால இருக்க முடியாது."

"தெரியலை, அத்தை. நிறைய நாள்."

தலையாட்டினார். பிறகு குனிந்து, குதிகாலைத் திருப்பிப் பார்த்தார். கொப்புளம் கோலிக்குண்டு அளவு இருந்தது. "ஊசி ஏதாவது இருக்கா வீட்டுல?"

மச்சான் எழுந்து தேடப் போனார். அவருக்கு எந்த இழுப்பறை எது என்று தெரியாது. எனக்குத் தெரியும். படுக்கையறை மேசையில் இரண்டாவது. அவளுடையது. பதினான்கு மாதமாகத் திறக்காததால் இறுகியிருந்தது. இழுத்தேன். பேனாக்கள், தலைமுடிக் கிளிப்புகள், ஒரு பழைய சீட்டு. ஊசி ஒரு பொத்தான் அட்டையில் குத்தியிருந்தது.

அடுப்பைப் பற்றவைத்து முனையைத் தீயில் பிடித்தேன்.

"நல்லாக் காட்டுங்க, மாப்பிள்ளை" என்றார் அத்தை ஹாலிலிருந்து. "அவசரம் ஒண்ணும் இல்லை."