கார்டில் இல்லாதவள்

என் இளைய மகள் காளியாத்தாளுக்கு இருபத்திரண்டு வயது. அறிவு நாலு வயதோடு நின்றுவிட்டது. சோறு ஊட்ட வேண்டும், தூரமானால் துணி மாற்றிவிட வேண்டும். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்குக் கர்ப்பப்பையில் புற்று என்று கோயமுத்தூரில் சொல்லிவிட்டார்கள். நான் போனபின் இவளுக்கு யார்? தொண்ணூற்றெட்டாம் வருடம் முழுக்க எனக்கு இந்த ஒரே யோசனைதான்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங். அங்கே கட்டிங் மாஸ்டர் அப்துல் ரவூப். அவர் மகனும் இப்படித்தான். பெற்றவர்களுக்குப் பின் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குச் சட்டப்படி ஒரு காப்பாளரை நியமிக்க டில்லியில் சட்டம் எழுதுகிறார்களாம். நாமும் எம்.பி.யிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று தெருத்தெருவாக அலைந்து அறுபத்தொரு குடும்பத்தைச் சேர்த்திருந்தார்.

எம்.பி.யின் உதவியாளர் மனுவைப் புரட்டிப் பார்த்தார்.

"ஒவ்வொரு பேருக்கும் ரேசன் கார்டு நகல் வேணுங்க. கார்டுல இல்லாத பேரை அடிச்சிருங்க. இல்லீன்னா பொய்க் கணக்குன்னு மனுவையே தூக்கிப் போட்டுருவாங்க."

அறுபத்தொரு கார்டில் நாலில்தான் பிள்ளையின் பேர் இருந்தது. திருப்பூரில் இப்படிப் பிள்ளைகள் நாலே பேர் என்று சர்க்கார் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்! மற்ற எல்லாரும் ஒரே வேலையைத்தான் செய்திருந்தோம். சம்பந்தம் பேச வருகிறவர்கள் கண்ணில் பட்டுவிடும் என்று பேரை எடுத்துவிட்டோம். சிலர் சேர்க்கவே இல்லை. மூத்தவள் மருதாளை ஊத்துக்குளியில் கொடுத்தபோது எங்களுக்கு ஒரே பெண் என்று நானும் வாய் கூசாமல் சொன்னேன். கல்யாணத்தன்று காளியாத்தாளைப் பக்கத்து வீட்டில் விட்டுக் கதவைச் சாத்தினோம். அன்றைக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

"புதன்கிழமை எம்.பி. டில்லிக்குப் போறாருங்க. அதுக்குள்ள பேரைச் சேர்த்துட்டு வந்துருங்க" என்றார் ரவூப் பாய்.

தாலுகா ஆபீசில் பிறந்த சர்ட்டிபிகேட் கேட்டார்கள். வீட்டில் பிறந்தவள், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். எங்கே போவேன்? கடைசியில் கிளார்க் இரக்கப்பட்டு ஒரு படிவம் கொடுத்தார். கூடப் பிறந்தவள் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்.

காளியாத்தாளை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு ஊத்துக்குளிக்கு பஸ் ஏறினேன். மருதாளைத் தனியே கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன். வாசலிலேயே சம்பந்தியம்மா நின்றார்.

"வாங்க சம்பந்தி. ஆருங்க இந்தப் புள்ள?"

மருதாள் உள்ளேயிருந்து வந்தாள். ஆறு மாதம். தங்கையைக் கண்டதும் அவள் முகம் செத்துவிட்டது. கை தானாக வயிற்றை மூடிக்கொண்டது.

"பக்கத்து ஊட்டுப் புள்ளைங்க அத்தை. அவிங்கம்மா ஊருக்குப் போயிருக்காங்க" என்றாள்.

"அக்கா! அக்கா!" என்று காளியாத்தாள் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

சம்பந்தியம்மா இரண்டு முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்படிங்களா?"

மருதாளின் வயிற்றைப் பார்த்தேன். இந்த வீட்டில் விஷயம் தெரிந்தால் அந்தக் குழந்தை என்னவாகும், அவள் என்னவாவாள் என்று எனக்குத் தெரியாதா?

"ஆமாங்க" என்றேன்.

அந்த நிமிஷமே நாக்கை அறுத்து எறியலாம் போலிருந்தது. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினேன்.

புதன்கிழமை காலையில் ரவூப் பாய் மனுவோடு காத்திருந்தார். வெற்றுப் படிவத்தைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

"நீங்க அடிக்க வேண்டாம் பாய்" என்று பேனாவை வாங்கிக்கொண்டேன்.

எனக்குப் படிக்கத் தெரியாது. எது என் பிள்ளையின் பேர் என்று கேட்டேன். அவர் விரல் வைத்துக் காட்டினார். அதன்மேல் நானே கோடு இழுத்தேன்.