உள்ளங்காலில் ஒரு பிளாஸ்திரி

டார்லின் பக்லி வயிற்றில் சுமந்து பெற்ற நான்காவது குழந்தை இடது உள்ளங்காலில் பிளாஸ்திரியோடு பிறந்தது. வெள்ளைப் பிளாஸ்திரி, இரண்டு அங்குல நீளம். அதில் நீல மையில் 'பிராட்' என்று எழுதியிருந்தது. பிரசவம் பார்த்த தாதி பெவ், பெண் குழந்தை, எடை மூன்று கிலோ நானூறு, அழுகை நன்று, இடது காலில் பிளாஸ்திரி என்று வரிசையாகப் பதிவேட்டில் எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். டாக்டர் அதைப் பிய்த்துப் பார்த்தார். வந்தது, அடியில் இன்னொன்று இருந்தது. அதையும் பிய்த்தார். ஆறாவதைப் பிய்த்த பிறகு, மருத்துவமனையில் பிளாஸ்திரி தீர்ந்துபோனால் இந்தக் குழந்தையைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

யாரங்கூலில் இதைப் பார்த்து யாரும் வாயைப் பிளக்கவில்லை. விக்டோரியா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கோதுமையும் ஆடும் தவிர வேறெதுவும் தேறாத ஊர் அது. ஊர்க் கூடத்தில் விருந்து என்றால் வீட்டுக்கு ஒரு பலகாரம் தட்டில் வரும். தின்று முடித்தபின் எது யார் தட்டு என்று தகராறு வராமலிருக்க, ஒவ்வொரு தட்டின் அடியிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதுவார்கள். எழுதுகிற வேலை இருபது வருடமாக டார்லினுடையது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். எந்தப் பிள்ளையை எந்த வாசலில் இறக்க வேண்டும் என்பதும், எந்தத் தட்டு எந்த அலமாரிக்குத் திரும்ப வேண்டும் என்பதும் அவளுக்கு ஒரே கணக்குதான். பெயரின் கடைசி எழுத்துக்கு மேல், காற்றில் பறக்கும் தொப்பி போல ஒரு கோட்டை இழுத்துவிடுவது அவள் பழக்கம். குழந்தையின் காலிலும் அந்தத் தொப்பி பறந்தது. ஆகவே ஊர் யோசித்தது ஒன்றைத்தான்: உள்ளே இருக்கும்போதே டார்லின் எப்படி எழுதினாள்?

விஷயம் பதினோரு வருடத்துக்கு முன்பு ஆரம்பித்தது. அங்கஸ் பிராட்டைக் கல்யாணம் செய்துகொண்டு குரோவேஷியாவிலிருந்து வந்த வெஸ்னாவுக்கு முதல் மாதமே கிரிக்கெட் சங்க விருந்துக்கு அழைப்பு வந்தது. 'பெண்கள் தட்டோடு வரவும்' என்று போட்டிருந்தது. தட்டு என்றால் தட்டு நிறையப் பலகாரம் என்பது அந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அதனால் யாரும் வெஸ்னாவுக்குச் சொல்லவில்லை. பாவம், தட்டுக்குக்கூட வக்கில்லாத ஊர்போல என்று இரக்கப்பட்ட வெஸ்னா, இருப்பதிலேயே நல்ல தட்டை, நீல விளிம்பு வைத்த பீங்கானை, கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் காலித் தட்டோடு நின்றவளை முதலில் பார்த்தது டார்லின். மற்ற தலைகள் திரும்புமுன் தட்டை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். தான் செய்து வந்திருந்த இருபது லாமிங்டனையும், சாக்லேட்டில் முக்கித் தேங்காய்த் துருவலில் புரட்டிய அந்தக் கேக் துண்டுகளை, அதில் அடுக்கினாள். அடியில் 'பிராட்' என்று எழுதி ஒட்டி மேசை நடுவில் வைத்தாள். இந்த வருடம் டார்லின் வெறுங்கையோடு வந்திருக்கிறாள் என்று சங்கத் தலைவி மர்ட்டில் அம்மாள் நாலு பேர் காதில் விழும்படி வருத்தப்பட்டார். லாமிங்டனைத் தின்ற ஊர், புது மருமகளின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்து தள்ளியது. மறுத்துச் சொல்லும் அளவுக்கு வெஸ்னாவுக்கு அப்போது ஆங்கிலம் வரவில்லை. வந்தபோது காலம் கடந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் டார்லின் லாமிங்டன் செய்து பிராட் வீட்டுப் பின்வாசலில் கொடுப்பாள், வெஸ்னா அதை முன்வாசல் வழியாகக் கூடத்துக்குக் கொண்டுபோவாள். இருவரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். கூடத்தில் தேநீர் பாய்லர் அருகே நின்று அந்தப் புகழைக் கேட்கும் நேரத்தில் மட்டும் டார்லினுக்குச் சிரிப்பு வராது.

வெஸ்னாவுக்கு ஆடுகளை ஸ்கேன் பார்க்கும் தொழில். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் ஆட்டின் வயிற்றைப் பார்ப்பாள். இரட்டை என்றால் முதுகில் நீலச் சாயம், ஒற்றை என்றால் ஒன்றுமில்லை, வெறும் வயிறு என்றால் சிவப்பு. முப்பத்துமூன்று வயதில் அவளுடைய கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அவளும் அங்கஸும் முன்பே உருவாக்கிய கருக்கள் மெல்பர்ன் மருத்துவமனையில் உறைந்து கிடந்தன, வைக்க வயிறில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் டார்லின் வீட்டு மேசையில் உட்கார்ந்து, தன் முதுகிலும் யாராவது சிவப்புச் சாயம் அடித்துவிடலாம் என்றாள் வெஸ்னா.

"உன் தட்ட வருஷா வருஷம் நான்தான நிரப்புறேன்," என்றாள் டார்லின். "இன்னொரு தடவ நிரப்பினா என்ன?"

"இது கேக் இல்லடீ."

"தெரியும். இதுக்கு ஒம்பது மாசம் ஆகும். அதுக்குள்ள நீயும் சமைக்கக் கத்துக்க."

டார்லினின் கணவன் கெவ் கோதுமைக் கிடங்கில் வேலை பார்ப்பவன், அதிகம் பேசாதவன். புருஷன் இல்லாமலே பிள்ளை உண்டாகிற வசதி வந்துவிட்டதென்றால் இனித் தனக்குக் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கிற வேலை மட்டும்தானா என்று கேட்டான். அதையும் அவன் மறந்துவிடுகிறான் என்று டார்லின் நினைவூட்டினாள். அதோடு அந்த வீட்டில் சம்மதம் முடிந்தது. ஆலோசகர்கள், குழந்தையைக் கொடுத்துவிட முடியுமா என்று அவளை மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் முடியும் என்றாள். கூலி எதுவும் கூடாது என்பது அங்கே சட்டம். டார்லினுக்கு விறகு வெட்டிக் கொடுத்தால் அது கூலியா என்று அங்கஸ் வக்கீலைக் கேட்டான். வெட்டலாம், அடுக்கி வைக்காதீர்கள் என்றார் அவர்.

குழந்தைக்கு டானிட்சா என்று பெயர் வைத்துப் பிராட் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் பெற்றவள்தான் தாய் என்கிறது சட்டம்; நீதிபதி மாற்றி எழுதும்வரை சான்றிதழில் தாய் டார்லின், தகப்பன் கெவ். மாற்றி எழுதியபின் புதிய சான்றிதழ் வரும், அதில் டார்லின் பெயர் எங்கேயும் இருக்காது. இதையெல்லாம் படித்துத்தான் கையெழுத்துப் போட்டிருந்தாள். பால் கட்டியது, வடிந்தது. பேருந்துக்குத் திரும்பினாள். பிராட் வீட்டு வாசலில் ஏறவோ இறங்கவோ பள்ளிப் பிள்ளை யாரும் இல்லை. ஆனாலும் தினமும் காலையில் அங்கே அவள் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. பிள்ளைகளும் பழகிக்கொண்டு, அந்த அரை நிமிடத்தில் வீட்டுப்பாடம் எழுதினார்கள்.

குழந்தை வேண்டுமா என்று கெவ் ஒருநாள் கேட்டான்.

"வேண்டாம். அது அவங்க பிள்ள. செஞ்சது நான்னு எங்கயாச்சும் ஒரு வரி இருந்தா போதும்."

"யாருக்குத் தெரியாது? ஊரே பாத்துச்சே உன் வயித்த."

"லாமிங்டனயும்தான் ஊரே தின்னுச்சு," என்றாள் டார்லின்.

பிப்ரவரியில் பக்கத்துப் பெரிய ஊரில் விசாரணை. நாற்பத்திரண்டு டிகிரி வெயில். குளிர்சாதனம் பழுது என்பதால் அறைக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். வெளியே நடையில் மர்ட்டில் அம்மாளும் சங்கப் பெண்களும் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். நீதிபதி அம்மையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குழந்தையின் காலைப் பிடித்துப் பார்த்தார், பிறகு டார்லினைப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

"என் கையெழுத்துதாம்மா. எழுதினது நான் இல்ல."

"அதெப்படி?"

"அந்த இடத்துக்கு எனக்குக் கை எட்டாதும்மா."

நீதிபதி அதை ஏற்றுக்கொண்டார். குழந்தையைப் பிராட் தம்பதிக்கே விட்டுக்கொடுக்க மனப்பூர்வமான சம்மதமா என்று கேட்டார். டார்லின் சம்மதம் என்றாள். வெஸ்னா சொல்ல வேறு ஏதாவது உண்டா என்று நீதிபதி வழக்கப்படி கேட்டார். வழக்கப்படி யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வெஸ்னா குழந்தையோடு எழுந்து நின்றாள்.

"லாமிங்டன் நான் செஞ்சதில்ல," என்றாள். "ஒரு வருஷம்கூட. எல்லாம் டார்லின் செஞ்சது. தட்டு மட்டும்தான் என்னது. இத்தன வருஷமா வாய மூடிட்டுப் பேர் வாங்கிக்கிட்டேன். இந்தத் தடவ அப்படி வாங்கிக்க என்னால முடியாது."

நடையில் ஒரு தட்டு விழுந்து உடைந்தது. முன்பொரு தடவை அந்த லாமிங்டனின் செய்முறை என்று வெஸ்னா வாய்க்கு வந்ததைச் சொல்ல, அதைத் தேவாலயச் சமையல் புத்தகத்தில் அச்சடித்திருந்தவர் மர்ட்டில் அம்மாள்தான். தனக்கு மட்டும் ஏன் அது கல்லாகவே வருகிறது என்பது அவருக்கு அன்றுதான் விளங்கியது. டார்லின் குனிந்து கைப்பையில் கைக்குட்டை தேடினாள், வெகுநேரம் தேடினாள். லாமிங்டன் பற்றிய வாக்குமூலத்தையும் பதிவு செய்யச் சொல்லிவிட்டு நீதிபதி கையெழுத்துப் போட்டார். பேனா காகிதத்திலிருந்து எழுந்ததும் பிளாஸ்திரி தானாகக் கழன்று தரையில் விழுந்தது. அடியில் வேறொன்று இல்லை. எழுத்தர் அதை எடுத்துக் கோப்பில் ஒட்டினார்.

அன்று மாலை குழந்தையைக் குளிப்பாட்டும்போது வலது உள்ளங்காலில் ஒரு பிளாஸ்திரி இருந்தது. அதில் வெஸ்னாவின் சாய்ந்த கையெழுத்தில் 'செய்தது டார்லின்' என்று எழுதியிருந்தது. பிய்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. புதிய சான்றிதழ் முறைப்படி இரண்டே பெயர்களோடு வந்து சேர்ந்தது. டார்லின் அதை ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அந்த வருட விருந்துக்கு வெஸ்னா முதல் தடவையாகத் தானே லாமிங்டன் செய்து, நீல விளிம்புத் தட்டில் கொண்டுவந்தாள். டார்லின் இரண்டு தின்றாள். மிச்சத்தைக் கெவ் நாய்க்குப் போட்டான். நாய் அதைப் புதைத்துவிட்டது.

டானிட்சாவுக்கு இப்போது ஏழு வயது. பேருந்து அந்த வாசலில் இன்றும் அரை நிமிடம் நிற்கிறது. இப்போது ஏற ஆள் இருக்கிறது. பள்ளி மருத்துவச் சோதனை அட்டையில் பார்வை நன்று, பல் நன்று, வலது காலில் பிளாஸ்திரி, வழக்கம்போல் என்று எழுதுகிறார்கள். வருடத் தொடக்கத்தில் காலணி வாங்கப் போகும்போது கடைக்காரர் இரண்டு காலையும் அளந்து, வலது காலுக்கு மட்டும் அரை அளவு கூட்டி எடுத்துத் தருகிறார்.